கதிர் அறுக்கப் போனவன்

என் தம்பியின் மேல் எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவன் ஜப்பானுக்குப் போனதற்காகப் பொறாமைப்பட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், துபாய் என்று ஒருத்தனாவது போகாத வீடே கிடையாது. போனவன் மேலெல்லாம் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தால் எனக்கு வேறு வேலை பார்க்க நேரம் இருக்காது. வெளுத்துப்போய், கன்னம் பூசினாற்போல வந்து இறங்கினானே, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவன் நெஞ்சில் குத்தியிருந்த ஒரு சின்ன மீட்டரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு. மூக்கையும் வாயையும் இறுக்கி மூடிய முகமூடி, இரண்டு அடுக்குக் கையுறை, நெஞ்சில் தீப்பெட்டி அளவுக்கு ஏதோ ஒன்று. போன் போட்டுக் கேட்டேன்.

“அது மீட்டர்ண்ணா. ஒடம்புல எவ்ளோ ரேடியேஷன் ஏறுதுன்னு காட்டும். சாயந்திரம் வேலை முடிஞ்சதும் வாங்கிப் பார்த்து எழுதிக்குவாங்க. அளவு தாண்டிச்சின்னா வேற எடத்துக்கு மாத்திடுவாங்க.”

“தாண்டிச்சா?”

“பக்கத்துலகூட போவலண்ணா.”

நான் அப்போது வேலையில் இருந்தேன். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கிரஷர். பாறையை வெடி வைத்து உடைத்துக் கொண்டுவரும் கல்லை அரைத்து ஜல்லி, மணல் என்று பிரிக்கிற இடம். தமிழில் பி.ஏ. முடித்த வருஷம், வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று அங்கே கல் ஓடுகிற பெல்ட்டைப் பார்க்கச் சேர்ந்தேன். வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. எனக்குப் பாதுகாப்பு உடுப்பு என்றால் தோளில் கிடக்கிற துண்டுதான். தூசு அதிகமானால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொள்வேன், பேச வேண்டி வந்தால் அவிழ்த்துவிடுவேன். தூசை அடக்கத் தண்ணீர் தெளிக்கிற குழாய் ஒன்று உண்டு. ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் அதற்கு உயிர் வரும்.

படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருத்தன் உடம்புக்குள் என்ன போகிறது என்று கவலைப்பட ஒரு கம்பெனி, ஒரு அரசாங்கம், போதாததற்கு ஒரு கருவி. அவன் மண்ணை அள்ளுகிறான், நான் கல்லை மண்ணாக்குகிறேன், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டட வேலை என்றுதான் போனான். போன பிறகு, சுனாமியில் அணு உலை வெடித்ததே, அந்த ஃபுகுஷிமா பக்கம் மண் அள்ள அனுப்பிவிட்டார்கள். உலைக்குள்ளே போகிற வேலை இல்லை. சுற்றியிருக்கிற கிராமங்களில் வீட்டுக் கூரையைத் துடைப்பது, மரத்தடிச் சருகை வாருவது, வயலின் மேல்மண்ணை வழித்து மூட்டை கட்டுவது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவனுக்குக் குழப்பம். ரேடியேஷன் என்றால் பயந்துவிடுவாள் என்று எங்கிருந்தோ ஒரு நல்ல தமிழ் வார்த்தையைத் தேடி எடுத்தான்.

“இங்க மண்ணுல கதிர் இருக்குதும்மா. அதை எடுக்கற வேலை.”

“வயல்லயா?”

“வயல்லதாம்மா.”

அவ்வளவுதான். அம்மா போனை வைத்துவிட்டு நேராகத் தெருவுக்குப் போனாள். “எம்புள்ள ஜப்பான்ல கதிர் அறுத்துக்கினு இருக்கறான்” என்று எல்லாரிடமும் சொன்னாள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறுப்பு மெஷின் ஓட்டிக்கொண்டு ஆந்திரா, கர்நாடகா என்று போகிறவர்கள்தான். இவன் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை எனக்கு மட்டும் தெரியும். கதிர் வேறு, கதிர்வீச்சு வேறு என்று விளக்க நான் போகவில்லை. தமிழ் படித்த பாவத்துக்கு ஊரில் உள்ள தப்பையெல்லாம் நானா திருத்திக்கொண்டு திரிவது?

லீவில் வந்தான். அம்மாவுக்கு முட்டி வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி, என் மனைவிக்கு சென்ட், தெருவுக்கே சாக்லேட். எனக்கு ஒரு பெட்டி நிறைய முகமூடி. “கட்டாயம் போட்டுக்கண்ணா, நல்ல குவாலிட்டி” என்றான். நான் வாட்ச் எதிர்பார்த்திருந்தேன். பெட்டியை வாங்கி அலமாரி மேல் வைத்தேன். பொங்கலுக்கு வெள்ளை அடிக்க வந்தவர்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

அந்த லீவுக்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அம்மா முகையூரில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். சொந்த நிலத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற குடும்பம். பெண்ணுக்கு விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. போட்டோவில் பார்த்ததுமே தம்பி விழுந்துவிட்டான். இந்தப் பெண் அமையாவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினான். வழியெல்லாம் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டே வந்தான்.

முகையூரில் கேசரி வந்தது, காபி வந்தது. பெண்ணின் அப்பா நல்ல விவசாயி. மாப்பிள்ளையிடம் வேறு எதைக் கேட்பார்?

“ஜப்பான்ல மூட்டை என்னா எடை வருது மாப்ள?”

தம்பி மண் மூட்டையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

“ஒரு டன் வரும்ங்க.”

“ஒரு மூட்டையா?”

“ஆமாங்க. கிரேன் வச்சித்தான் தூக்குவோம்.”

அவர் தன் மச்சானைப் பார்த்தார். மச்சான் காபியைக் கீழே வைத்தார்.

“எடுத்து யார்கிட்ட போடறாங்க? யாவாரியா, கவர்மெண்டா?”

“கவர்மெண்டே எடுத்துக்குதுங்க. ஒரு மூட்டை வெளிய போவாது. வரிசையா அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டு, காவலுக்கு ஆளு வச்சிருக்காங்க.”

“பாத்துக்கடா” என்றார் மச்சானிடம். “நம்ம நெல்லு கொள்முதல் நிலையத்துல மழையில நனைஞ்சிக்கினு கெடக்குது. கவர்மெண்ட்னா அது கவர்மெண்ட்.”

நான் கேசரியைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்தேன். எவ்வளவு தூரம் போகிறது பார்க்கலாம் என்று ஒரு சந்தோஷம். அதிக தூரம் போகவில்லை.

“அறுத்த பின்னாடி என்னா போடுவீங்க? உளுந்தா?”

“ஒண்ணும் போட மாட்டாங்கங்க. மேல்மண்ணை வழிச்சிட்டா அப்புறம் வேற மண்ணு கொண்டாந்து கொட்டணும்.”

“மேல்மண்ணை வழிக்கறதா? எந்த மடையன் மேல்மண்ணை வழிப்பான்?”

அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. அவன் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு, அதிலும் எனக்குப் பொறாமை உண்டு. “கதிர்னா நெல்லுக்கதிர் இல்லீங்க. ரேடியேஷன்” என்று ஆரம்பித்து, வெடித்த உலையிலிருந்து வயல்வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டான்.

மச்சான் போனை எடுத்து எதையோ தேடி, எல்லாரும் பார்க்கிற மாதிரி பிடித்தார். ஆளில்லாத தெருக்கள், கறுப்பு மூட்டைகள், வெள்ளை உடுப்பு ஆட்கள். பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். என் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரியும். அவள் தம்பியின் கையைப் பிடித்தவள் விடவில்லை.

“நாளைக்கிக் கொழந்தை கொறையாப் பொறந்தா யாரு பதில் சொல்றது?” என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

தம்பி மீட்டரைப் பற்றிச் சொன்னான், மாதாமாதம் செய்கிற செக்கப்பைப் பற்றிச் சொன்னான். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. உள்ளே நின்றிருந்த பெண் வாசற்படிவரை வந்தாள்.

“எங்கிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்குதுப்பா. பேட்ஜ். டெய்லி குத்திக்கினுதான் ரூமுக்குள்ள போறேன். எக்ஸ்ரேவும் ரேடியேஷன்தான்.”

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வேலை அவருக்கு அந்த நிமிஷத்திலிருந்து பயமாகிவிட்டது. பெண்ணும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மோதிரம் மாற்றிக்கொள்கிறவர்கள்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். மீட்டர் உள்ளவளுக்கு மீட்டர் உள்ளவன். எனக்குக் கேசரி கசந்தது. “யோசிச்சி சொல்றோம்” என்று எங்களை அனுப்பிவைத்தார்கள்.

வேன் ஊருக்குத் திரும்புவதற்குள் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த சாக்லேட்டையெல்லாம் எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். சாப்பிட்டவர்களுக்கு அன்றிலிருந்து வயிற்று வலி. இருட்டில் உடம்பு பளபளவென்று மின்னுமாமே என்று பக்கத்து வீட்டுக்காரி என் மனைவியிடம் விசாரித்தாள். டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், தம்பிக்கு மட்டும் பேப்பர் கப். பொம்மையார்பாளையத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாவிடம் யாரும் மீன் வாங்கவில்லை. உலைத் தண்ணீரை ஜப்பான்காரன் கடலில் விட்டுவிட்டான் என்று யாரோ கிளப்பிவிட, அந்தம்மா எங்கள் வீட்டு முன்னால் கூடையை இறக்கிவைத்துக் கத்தினாள்.

“அங்க வுட்ட தண்ணி பொம்மையார்பாளையத்துக்கு வழி கேட்டுக்கினா வருது? எம்பொழப்பைக் கெடுத்துட்டியேப்பா!”

தம்பி கையெடுத்துக் கும்பிட்டு அவளிடம் மீன் வாங்கினான். இதையெல்லாம் பார்க்க எனக்கு இனிக்காமல் இல்லை. ஆனால் என் இனிப்பைக் கெடுக்க வீட்டுக்குள் அம்மா இருந்தாள்.

தெரு முழுக்க விலகிப்போக, அம்மா மட்டும் அவனோடு ஒட்டிக்கொண்டாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கேப்பைக் களி தின்றால் உள்ளே இருக்கிறதெல்லாம் இறங்கிவிடும் என்று காலையும் மாலையும் உருட்டிக் கொடுத்தாள். மயிலம் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள். அவன் முதுகைத் தடவித் தடவி, “எங்கடா இருக்குது அது, எந்த எடத்துல?” என்று கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். ஒரு சாயந்திரம் நான் புருவம்வரை தூசோடு வேலையிலிருந்து வந்து, தம்பி பக்கத்தில் இருந்த சொம்பை எடுக்கக் குனிந்தேன்.

“போய் மொதல்ல குளிச்சிட்டு வாடா” என்றாள் அம்மா. “அவன் மேல தூசு படப்போவுது.”

பணம் காசுக்குப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, பெண்டாட்டி அழகுக்குப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. ஒருத்தனுக்காக மற்றவர்கள் படுகிற பயத்தின் மேல் பொறாமைப்பட்டவன் நானாகத்தான் இருக்க வேண்டும். கிரஷரில் இத்தனை வருஷமாக நிற்கிறேன். எனக்காக ஒருத்தராவது பயந்தார்களா? குழாயடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். காலடியில் சிமெண்டுத் தண்ணீர் மாதிரி சாம்பல் நிறமாக ஓடியது. அதைப் பார்த்து யாரும் போனில் எதையும் தேடவில்லை.

லீவு முடிகிற சமயத்தில் பெண்ணின் அப்பா வீட்டுக்கு வந்தார். தம்பியிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பெண் பிடிவாதமாக இருக்கிறாள், அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

“ஜப்பானை வுட்டுட்டா பொண்ணு குடுக்கறேன். வேலைக்கு என்னா, அண்ணன் கூடவே கிரஷர்ல சேந்துக்கட்டும். அண்ணனைப் பாருங்க, எவ்ளோ வருசமா நின்னுக்கினு இருக்கறாரு. எதுனா பயம் உண்டா?”

தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பெண்ணுக்காக எதற்கும் தயாராக இருந்தான். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஜல்தியா மொதலாளிகிட்ட சொல்லி வைடா. கண்ணு முன்னாடி பத்திரமா இருப்பான்” என்றாள்.

“வேணாம்” என்றேன்.

நான் இப்படிச் சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

“அந்த எடம் அவனுக்கு வேணாம்மா. அவன் ஜப்பானுக்கே போவட்டும்.”

“ஏன்? நீ இல்லியா அங்க? நீ நல்லாத்தான இருக்கற?”

எனக்கு முன்னால் அந்த பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவரைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொன்னதாகிவிடும்.

“தம்பி உங்கூட வந்து நிக்கறதுகூட உனக்கு ஆவாதாடா?” என்று அம்மா அழுதாள். “சின்ன வயசுலயே இவன் இப்டித்தான். தம்பி தட்டுல என்னா இருக்குதுன்னு எட்டிப் பாத்துட்டுத்தான் தன் தட்டைத் தொடுவான்.”

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் பொறாமை ஊரறிந்தது. அதனால் அன்றைக்கு நான் சொன்னதை யாரும் வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, என் மனைவிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். கூடப்பிறந்தவனே இடம் கொடுக்காத வீட்டில் பெண் கொடுப்பதா என்று பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். தம்பி போய்ப் படுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் அந்தப் பெண் எனக்குப் போன் பண்ணினாள்.

“மாமா, விழுப்புரம் வரைக்கும் வர முடியுமா?”

ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று, ஏன் வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று கேட்டாள். திட்டத்தான் கூப்பிட்டாள் என்று நினைத்துப் போனவன் நான். “தூசும்மா” என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் அங்கே உட்கார்கிற டாக்டரிடம் என்னைக் காட்டி, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள்.

“சட்டையைக் கழட்டிட்டு, பலகையைக் கட்டிப் புடிச்சிக்கினு நில்லுங்க மாமா.”

அவள் சுவருக்குப் பின்னால் போய்விட்டாள். “மூச்சை நல்லா இழுத்து அப்டியே நிறுத்துங்க” என்று குரல் வந்தது. இழுத்தேன். நிறுத்த முடியாமல் இருமல் வந்துவிட்டது. “பரவால்ல, இன்னொரு வாட்டி” என்றாள். அதுவும் இருமலில் போயிற்று. அடுத்த முறை இருமல் அடங்குகிறவரை காத்திருந்து எடுத்தாள்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் கல் தூசு படிந்திருக்கிறது, போனதை வெளியே எடுக்க மருந்து கிடையாது, இன்றோடு அந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் படத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதை எங்கப்பாகிட்ட காட்டலாமா மாமா?”

“காட்டு” என்றேன்.

அன்று சாயந்திரம் முகையூரில் நடந்ததைப் பிறகு தம்பி சொல்லித்தான் கேட்டேன். அவள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாளாம். என் பெயரையோ, மாப்பிள்ளையின் அண்ணன் என்றோ சொல்லவில்லையாம். “இதுதாம்பா கிரஷர்” என்றாளாம். அவள் அப்பா நெடுநேரம் பார்த்திருக்கிறார். கடைசியில், “மாப்ள ஜப்பானுக்கே போவட்டும்” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம்.

இப்படித்தான் என் தம்பியின் கல்யாணம் நிச்சயமானது. என் நெஞ்சை ஒரு படம் எடுத்தார்கள், அதுவும் அவனுக்குத்தான் உதவியது. இதைக் கேட்டபோதுகூட எனக்கு அவன் மேல் பொறாமைதான் வந்தது. தம்பி இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் கையை உருவிக்கொண்டேன்.

மயிலத்தில் கல்யாணம். பெண் வீட்டுச் சொந்தத்தில் சிலர் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாமல் கீழேயே கையாட்டிவிட்டுப் போனார்கள். தம்பி அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவன் கண் முழுக்கப் பெண்ணின் மேல் இருந்தது. நான் கிரஷரை விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்று தம்பி அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தான். பந்தியில் ஓரத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

அம்மா மேடையை விட்டு இறங்கி வந்தாள். எதிர் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். இலை போட வந்தவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். நான் சோற்றைப் பிசைந்தேன், பார்த்தாள். வாயில் வைத்தேன், பார்த்தாள். மெல்லுவதைக் கொஞ்சம் நிறுத்தியதும் பாதி எழுந்துவிட்டாள்.

“மேடைக்குப் போம்மா. எல்லாரும் உன்னைத் தேடுவாங்க.”

“அவனுக்கு என்னாடா, அவன் நல்லா இருக்கறான்” என்றாள். “நீ மெதுவா சாப்புடு.”

தண்ணீர் டம்ளரை என் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள். இத்தனை நாளாக நான் பொறாமைப்பட்டது இந்தப் பயத்துக்காகத்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.